பல் தேய்ந்தால் யார் வருவார்?

சிங்காநல்லூர்

கோவையில் திண்டுக்கல், மதுரைப் பேருந்துகள் புறப்படும் இடம் சிங்காநல்லூர். அதே திருச்சி சாலையில்தான் சாந்தி கியர்ஸ் இருக்கிறது, சாந்தி சோசியல் சர்வீஸின் உணவகமும் இருக்கிறது. காலையில் அங்கே இட்லி சாப்பிட்டேன். கூட்டம் நிறைய, சத்தம் குறைவு. வேலைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கல்லூரிப் பையன் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். விலை மிகக் குறைவு. ருசியிலோ சுத்தத்திலோ குறை வைக்கவில்லை.

இரண்டையும் உருவாக்கியவர் ஒருவரே, பி. சுப்பிரமணியம். சாந்தி கியர்ஸ் 1972இல் நிறுவனமானது. அது முதலில் கைவைத்தது நூற்பாலை இயந்திரங்களுக்கான பல்சக்கரங்களில். 1996இல் அவர் சாந்தி சோசியல் சர்வீஸைத் தொடங்கினார். 2012இல் கியர் நிறுவனம் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வசம் போனது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்மஸ்ரீ அவர் பெயருக்கு வந்தது. தன் படத்தை எங்கும் மாட்டிவைக்க விரும்பாத மனிதர் என்று கோவைக்காரர்கள் சொல்கிறார்கள். தொழிலில் சம்பாதித்ததை ஊருக்கு இப்படித் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் காவிரிக் கடைமடைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் இயந்திரம் என்றால் வயலோர மோட்டார், அரிசி ஆலை, அறுவடை வண்டி. மூன்றும் கோவையிலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து இறங்கும். கெட்டுப்போனால் ஊர் மெக்கானிக் தன் யுக்தியில் ஓட்டவைப்பார். அந்த இயந்திரத்தைச் செய்தவர் யார், அவருக்கும் நமக்கும் என்ன உறவு என்று யாரும் யோசிப்பதில்லை. கோவையில் அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள்.

சிங்காநல்லூரில் ஒரு பின் சந்தில் கியர் கட்டிங் பட்டறை. வாசலில் இரும்பு வட்டுகள் அடுக்கிக் கிடந்தன. உள்ளே இரண்டு ஹாப்பிங் மெஷின்கள் எண்ணெய் வழியும் முகத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. வெட்டும் கருவியான ஹாப் திருகுபோல இருக்கிறது. அது ஒரு சுற்றுச் சுற்றினால், வெட்டப்படும் வட்டு சரியாக ஒரு பல் தூரம் நகர வேண்டும். 40 பல் வேண்டுமென்றால் ஹாப் 40 சுற்று, வட்டு ஒரே சுற்று. இந்த விகிதம் இம்மியும் பிசகக்கூடாது. 1897இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஹெர்மன் ஃபாட்டர் இந்த முறைக்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலகெங்கும் இன்று பல்சக்கரங்கள் பரவலாக அந்த முறையில்தான் வெட்டப்படுகின்றன.

பழைய மெஷின்களில் இந்த விகிதத்தைக் காப்பது உள்ளே இருக்கும் பெரிய இண்டெக்ஸ் சக்கரம். அதில் ஒரு பல் தேய்ந்திருந்தால் போதும், அந்தத் தேய்மானம் இங்கே வெட்டும் ஒவ்வொரு கியரிலும் இறங்கும். கியர் செய்கிறவரின் நாணயம் மெஷின் செய்தவரின் கையில் இருக்கிறது. புதிய சி.என்.சி. மெஷின்களில் விகிதத்தைக் காக்கும் வேலையைக் கணினி பார்க்கிறது. அப்போது சார்பு இன்னும் கூடுகிறது; தேய்ந்த சக்கரத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம், கணினிப் பலகையில் என்ன கெட்டது என்பதைச் செய்தவரே வந்துதான் சொல்ல வேண்டும்.

பட்டறை உரிமையாளரின் அப்பா வாங்கிய பெங்களூர் மெஷின் மூலையில் இன்னும் ஓடுகிறது. அதை விற்ற நிறுவனத்திலிருந்து அந்தக் காலத்தில் வந்துபோன பொறியாளர் ஓய்வுபெற்ற பிறகும் இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். இன்னொரு மெஷினும் இங்கே இருந்ததாம். விலை குறைவு என்று வாங்கியது. விற்றவர்கள் கொஞ்ச நாளில் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

“ஏனுங்க, மெஷினு வாங்கறது பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறாப்பலங்க. வந்து போயிட்டு இருக்கோணும். அன்னிக்கு விலையை மட்டும் பார்த்தமுங்க, ஆளைப் பார்க்கல” என்றார். அந்த மெஷின் எடைக்குப் போனது.

ஒட்டன்சத்திரம்

பல்லடம் தாண்டி, தாராபுரம் தாண்டி, பேருந்து கிழக்கே இறங்கிக்கொண்டே வருகிறது. காற்றாலைகள் குறைந்து முருங்கைத் தோட்டங்கள் கூடுகின்றன. தெற்கே பழனிமலைத் தொடர் நீலமாகக் கூடவே வருகிறது. எங்கள் பக்கம் ஜூன் 12 வந்தால் எல்லோர் பேச்சும் மேட்டூர் திறந்தார்களா என்பதுதான். இங்கே கிணறு எத்தனை அடி, போர் எத்தனை அடி என்பது பேச்சு. ஆற்றை நம்பாத மண் மனிதர்களை வேறு மாதிரி வளர்க்கிறது. ஒரே பயிரை, ஒரே தொழிலை நம்பி இங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று. தக்காளி, முருங்கை, கத்தரி, வெண்டை எல்லாம் மூட்டையாகவும் பெட்டியாகவும் குவிந்து, கேரள லாரிகளில் ஏறுகின்றன. சந்தையை ஒட்டிய டீக்கடையில் பருப்பு வடை சூடாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சுமை இறக்குகிறவர். அவருடைய மூத்த பெண் வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்க்கிறாள். “மழை பொய்ச்சா சந்தை படுத்துக்கும்ணே. மில்லு படுக்காது” என்றார். இந்தச் சமவெளியில் மில் எதற்கு வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

வேடசந்தூர்

கரூர் – திண்டுக்கல் நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்மண். வேலிகாத்தான் புதர், நடுநடுவே பாறைத் திட்டுகள், பிறகு திடீரென்று நீளமான வெள்ளைக் கட்டடம். அதன் ஈரக்காற்றுக் கோபுரத்தைப் பார்த்ததும் நூற்பாலை என்று தெரிந்துவிடும். வேடசந்தூர் ஒருகாலத்தில் புகையிலைக்குப் பேர்போன இடம். புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கே 1948இல் தொடங்கப்பட்டது. இப்போது இந்தப் பகுதியின் முகம் பஞ்சாலைதான். பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. நூல் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் கடல் தாண்டியும் போகிறது. மண்ணில் விளையாத ஒன்றை வைத்து ஒரு வறண்ட பூமி பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு மில்லில் நீண்டகாலம் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் கூட்டிப்போனார். உள்ளே நுழைந்ததும் காது அடைத்துவிடுகிறது. ப்ளோ ரூம், கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ் என்று பஞ்சு மெலிந்துகொண்டே வந்து, ரிங் பிரேமில் நூலாகிறது. ஒரு ரிங் பிரேமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 18,000, 20,000 சுற்றுவரை சுழல்கிறது. அறுந்த நூலை நடந்துகொண்டே ஒட்டும் பெண்களின் விரலை என் கண்ணால் பின்தொடர முடியவில்லை.

பெரியவர் என்னை மெஷினின் தலைமாட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். எண்ணெயில் குளித்தபடி பல்சக்கரங்கள். “இங்க ஒரு வீல மாத்துனா நூல் மாறும்” என்றார். முன் உருளை வேகமாகவும் பின் உருளை மெதுவாகவும் சுற்றுவதால்தான் பஞ்சுத்திரி இழுபட்டு மெலிகிறது. அந்த இரண்டு வேகத்துக்கும் நடுவே உள்ள விகிதத்தை வைத்துத்தான் நூல் 40 நெம்பரா 60 நெம்பரா என்பது. 40 பல் சக்கரத்தைக் கழற்றி 41 பல் மாட்டினால் நூலின் கனம் நூற்றுக்கு இரண்டரை மாறிவிடும். ஒரே ஒரு பல்! திருப்பூரில் ஒருவர் போடும் பனியனின் மென்மை, வேடசந்தூரில் ஒருவர் மாட்டிய சக்கரத்தில் இருக்கிறது. புதிய மெஷின்களில் சர்வோ மோட்டார் வந்து, இந்த மாற்றுச் சக்கரங்களின் வேலையை எடுத்துக்கொண்டது. பழைய மெஷின்கள் ஓடும் மில்களில் இன்னமும் பிட்டரின் இடுப்பில் ஸ்பேனர் தொங்குகிறது.

மெஷினின் நெற்றியில் கோவைப் பெயர். 1962இல் ஜி.கே. தேவராஜுலு தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1795இல் பிறந்த ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்துத்தான் நூற்பு இயந்திரங்களைச் செய்யத் தொடங்கியது. அந்தக் கூட்டு பல பத்தாண்டுகள் நீடித்தது. இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி கிடைக்காத காலம் அது. இங்கிலாந்து இயந்திரம் கெட்டால் உதிரிக்குக் கப்பலைப் பார்த்துக் காத்திருந்த மில்களுக்கு, பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்து ஆள் வருவான் என்பது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்! அதே நிறுவனம் 1988இல் சி.என்.சி. மெஷின்களையும் செய்யத் தொடங்கியது. நூற்கும் இயந்திரம் செய்தவர்கள், இயந்திரம் செய்யும் இயந்திரத்தையும் செய்யலானார்கள்.

டீ குடிக்கும்போது பெரியவர் மனம்விட்டுப் பேசினார்.

“மெஷின் வாங்குறது பெருசில்ல தம்பி. காசிருந்தா யாரும் வாங்கலாம். பதினஞ்சு வருசம் கழிச்சு ஒரு பினியன் தேயும். அன்னிக்கு அதே அளவு, அதே பல்லு எவன் குடுப்பான்? ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின் நின்னா எவன் போனை எடுப்பான்? அத வச்சுத்தான் முதலாளி அடுத்த மெஷின யார்கிட்ட வாங்கணும்னு முடிவு பண்ணுவாரு.”

“கம்பெனி ஆளுங்க வருவாங்களா?”

“வருவாங்க. ஆனா அவங்க வர்றது மட்டும் பத்தாது. நாம சொல்றத அவங்க கேக்கணும். இந்த வெயில்ல, இந்த ஈரத்துல, இந்தப் பஞ்சுல என்ன தேயுதுன்னு எங்களுக்குத்தான தெரியும்? நாங்க சொன்னத எழுதிக்கிட்டுப் போயி, அடுத்த மெஷின்ல மாத்திக் கொண்டாந்திருக்காங்க. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம் எம்புள்ள பாஸானப்பக்கூட இல்ல.”

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்: விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் உள்ள உறவு என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பிட்டர்களுக்கு நடுவே உள்ள உறவு. முதலாளிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். உறவைக் காப்பது, செய்தவன் தரப்பில் வந்து கேட்கிறவனும் ஓட்டுகிறவன் தரப்பில் மறைக்காமல் சொல்கிறவனும்.

அந்த மில்லில் என் மனம் உறுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கு இருபது, முப்பது ஆண்டுக் கணக்குப் பார்க்கும் இந்தத் தொழில், அதை ஓட்டும் பெண்ணுக்கு அப்படிப் பார்த்ததில்லை. இந்தப் பகுதி மில்களில் பல, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று ஆண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன காலம் உண்டு. நடுவில் உடம்பு முடியாமல் போன பெண்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறகுதான் அது வெளியே பேசப்பட்டது. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் வேறொரு பாதையைக் காட்டியது. பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஏற்றுமதி நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், இங்கிருந்து ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களான எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகியோர் அதில் இணைந்தார்கள். வேலையிடத்தில் பெண்கள்மீது நடக்கும் வன்முறையைத் தடுக்க, வாங்குகிறவரையும் பொறுப்பாக்கிய ஒப்பந்தம் அது. இயந்திரம் விற்றவர் இருபது ஆண்டு பொறுப்பேற்கலாம் என்றால், நூலும் துணியும் வாங்குகிறவர் அதை நூற்ற கைக்கும் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

திண்டுக்கல்

நகரத்தை நெருங்கும்போது பாறைதான் முதலில் தெரிகிறது. மொட்டையாக எழுந்த அந்தக் கல்லின்மேல் மதுரையை ஆண்ட முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605 வாக்கில் கட்டத் தொடங்கிய கோட்டை. பின்னால் ஐதர் அலி இங்கே இருந்தார், திப்புவின் படை இருந்தது, 1790இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மேலே ஏறி நின்றால் ஒருபக்கம் சிறுமலை, ஒருபக்கம் நான் கடந்துவந்த வெளி முழுவதும். வெள்ளைக் கட்டடங்களைத் தூரத்தில் எண்ணிவிடலாம்போல் இருந்தது.

மதியம் பிரியாணி. சீரகச்சம்பா அரிசி, சிறு துண்டு ஆட்டுக்கறி, மிளகின் காரம், எண்ணெய் அளவோடு. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ்தான் பின்னால் தலப்பாக்கட்டியாக ஊர் ஊராகப் போனது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கடையைச் சொல்கிறார்கள், அதில் சமரசம் செய்துகொள்ள யாரும் தயாராக இல்லை. கும்பகோணத்தில் காபிக்கு இருக்கும் பிடிவாதம் இங்கே பிரியாணிக்கு. சாப்பிட்டு முடித்ததும் சிறுமலை வாழைப்பழம் ஒன்று. தோல் கறுத்திருந்தாலும் உள்ளே தேன். அதற்குப் புவிசார் குறியீடு உண்டு.

நாகல்நகர்

ரயில் நிலையத்துக்குப் பக்கம் நாகல்நகர். பூட்டுப் பட்டறைகளைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. ஒருகாலத்தில் தெரு முழுக்க அரம் உராயும் சத்தம் என்றார்கள். இன்று வீட்டுத் திண்ணையில், தகரக் கொட்டகையில் என்று அங்கொன்றும் இங்கொன்றும்.

ஒரு கொட்டகையில் ஆசாரி ஒருவர் மாங்காய்ப் பூட்டு செய்துகொண்டிருந்தார். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, ரிவிட் அடித்து, உள்ளே லீவர்களை அடுக்கி, ஒவ்வொரு லீவரையும் சாவிக்குத் தக்கபடி அரத்தால் ராவுகிறார். அச்சு எதுவும் இல்லை. கண்ணும் விரலும்தான் அளவு. அதனால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் சேராது. கோயில் கதவுகளில் இந்தப் பூட்டுகள் தலைமுறை தாண்டித் தொங்குகின்றன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

“குறியீடு வந்துச்சு சார். பசங்க வரல” என்றார். தகடு வெட்டவும் துளை போடவும் பாதி நாள் போய்விடுகிறது. திறமை தேவைப்படும் ராவல் வேலைக்கு மிஞ்சுவது மீதி நாள். ஒரு நாளில் முடியும் பூட்டுகளைக் கணக்குப் பார்த்தால் கூலி கட்டவில்லை. கடையில் அலிகாரிலிருந்து வரும் பூட்டு இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அங்கே பிரஸ்ஸும் வார்ப்பும் வேலையை எடுத்துக்கொண்டன.

“உங்களுக்கு ஏத்த மாதிரி சின்ன பிரஸ் யாராவது செஞ்சு குடுத்தாங்களா?”

“பழைய பிரஸ் ஒண்ணு வாங்கிப் போட்டோம். டை உடைஞ்சுது. செஞ்சு குடுக்க ஆளில்ல. அந்தா கெடக்கு.” மூலையில் அது துரு ஏறிக் கிடந்தது. அதைச் செய்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. செய்தவருக்கும் இப்படி ஒரு ஆசாரி இருப்பது தெரியாது.

வேடசந்தூரிலிருந்து நாகல்நகருக்குத் தூரம் அதிகமில்லை. அங்கே மெஷின் நின்றால் கோவையில் போன் அடிக்கிறது. இங்கே மெஷின் நின்றபோது அடிக்க எண்ணே இல்லை. பூட்டுத் தொழில் நலிந்ததற்கு அலிகாரையும், புதுத் தலைமுறையின் விருப்பமின்மையையும் காரணம் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். என் கணிப்பில் முதல் காரணம் வேறு. நூற்பாலைக்கு மெஷின் செய்தவர் கூடவே இருந்தார், நாற்பது, ஐம்பது ஆண்டு. கியர் வெட்டுகிறவருக்கும் அப்படி ஒருவர் இருந்தார். பூட்டு ஆசாரிக்கு அப்படி ஒருவர் அமையவே இல்லை. அவருடைய கருவிகளை அவரே செய்துகொண்டார். அவர் கை ஓய்ந்தால் கருவியும் ஓயும்.

ராவல் வேலையை மெஷினிடம் கொடுக்கச் சொல்லவில்லை. அதைக் கொடுத்துவிட்டால் திண்டுக்கல் பூட்டு என்று ஒன்று இல்லை. தகடு வெட்டுவது, துளையிடுவது, ரிவிட் அழுத்துவது, இந்த மூன்றுக்கும் ஒரு கொட்டகைக்குள் அடங்கும் சிறு இயந்திரம் வேண்டும். டை உடைந்தால் மறுவாரம் இன்னொன்று வர வேண்டும். அவ்வளவுதான் கேட்பது. காந்திகிராமப் பல்கலைக்கழகம் இங்கிருந்து அதிகத் தூரமில்லை. கோவையின் சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் கண்காட்சியில் இதைவிடக் கடினமான இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. அரசு தரும் மானியத்தில் மெஷின் வாங்கலாம். அதைச் செய்தவர் பத்து ஆண்டு உடன் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்த மானியத்தோடு சேர்த்து எழுத வேண்டும்.

கோவையில் மெஷின் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டறையிலிருந்து நல்ல பிட்டர் ஒருவரை நாகல்நகருக்கு அனுப்புங்கள். விற்பனைப் பிரதிநிதி வேண்டாம், பிட்டரே வரட்டும். ஒரு ஆசாரியின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த வேலையில் நேரம் போகிறது, எந்த வேலையில் கை பேசுகிறது என்று அவர் எழுதிக்கொண்டு வரட்டும். இப்போது வேலை செய்யும் ஆசாரிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள். வரும் பொங்கலுக்குள் வந்தால் நல்லது.